டிராயர் முன்பலகைக்கு என்ன ஸ்க்ரூ போடுவது, எங்கே வாங்குவது

கேள்வி சுருக்கமாக இது. சமையலறை டிராயர்கள் எல்லாம் 18 மி.மீ. பிளைவுட், வெளியே மைக்கா. மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை, இரண்டு டிராயரில் முன்பலகை ஆடுகிறது. உள்ளே கார்பெண்டர் போட்டிருந்த கருப்பு ஸ்க்ரூவை இறுக்கப் பார்த்தபோது ஒன்றின் தலை முறிந்துவிட்டது. இந்தச் சாக்கில் கைப்பிடிகளையும் மாற்றிவிடலாம் என்று புதிது வாங்கினால், கூட வந்த ஸ்க்ரூ பலகையின் மறுபக்கத்தையே எட்டவில்லை. பக்கத்து ஹார்டுவேர் கடையில் "இதைவிட நீளம் வராது சார்" என்று சொல்லிவிட்டார்களாம். என்ன வகை, என்ன அளவு, எங்கே கிடைக்கும்?

இவை இரண்டு வெவ்வேறு ஸ்க்ரூ. முன்பலகையைப் பெட்டியோடு பிடிப்பது கூர்முனை உள்ளது, மரத்தைக் கடித்துக்கொண்டு போவது. கைப்பிடிக்குப் போவது மொட்டை முனை உள்ள மெஷின் ஸ்க்ரூ. அது மரத்தைக் கடிக்காது, கைப்பிடிக்குள் வெட்டியிருக்கும் மரையில் போய் உட்காரும். முதலாவதற்கு 6, 8, 10 என்று எண் கணக்கு. இரண்டாவதற்கு எம்4 என்ற மெட்ரிக் கணக்கு, அதாவது 4 மி.மீ. விட்டம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிராயர் என்பது நான்கு பக்கமும் அடியும் உள்ள ஒரு பெட்டி. நாம் வெளியே பார்க்கும் மைக்கா ஒட்டிய பலகை அந்தப் பெட்டியின் பாகம் கிடையாது, தனியாகச் செய்து கடைசியில் பெட்டியின் முன்பக்கத்தோடு உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டுச் சேர்ப்பது. பக்கத்து டிராயர்களோடு இடைவெளி சமமாக வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. டிராயர் ஓடும் சேனலை மாட்டி, பெட்டி உள்ளே போய்வரத் தொடங்கிய பிறகு முன்பலகையை ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்த்தி நேர் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே டிராயரை நீங்கள் இழுக்கும் இழுப்பு முழுவதும் கைப்பிடி, முன்பலகை, அதன் பின்னால் உள்ள நான்கு ஸ்க்ரூ என்ற வரிசையில்தான் பெட்டிக்குப் போகிறது. குக்கரும் கடாயும் நிறைந்த அடி டிராயரை ஒரு நாளைக்குப் பத்து முறை இழுத்தால் அந்த நான்கும் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கருப்பு ஸ்க்ரூ. அதன் பெயர் டிரைவால் ஸ்க்ரூ. ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவர்கள் ஜிப்சம் ஸ்க்ரூ என்பார்கள். ஜிப்சம் பலகையைத் தகட்டுச் சட்டத்திலோ மரச் சட்டத்திலோ பிடிப்பதற்காக வந்தது. நன்றாகக் கடினப்படுத்திய இரும்பு என்பதால் முன்துளை போடாமலே மரத்தில் இறங்கும், மெஷினில் வைத்தால் மளமளவென்று வேலை நடக்கும், விலையும் குறைவு. கார்பெண்டர்களுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அப்படிக் கடினப்படுத்திய இரும்பு வளைந்து கொடுக்காது, பட்டென்று முறியும். அதிலும் பெரும்பாலும் தலைக்குக் கீழே, கழுத்தில்தான் முறியும். உடம்பு மெலிது, சுமார் 3.5 மி.மீ. மேலே உள்ள கருப்புப் பூச்சு பாஸ்பேட். உலர்ந்த அறைக்குள் ஜிப்சம் பட்டிக்கு அடியில் இருக்க அது போதும். சிங்க்குக்குப் பக்கத்து டிராயரில் ஒரு மழைக்காலம் போனாலே துரு எட்டிப்பார்க்கும். மீதமுள்ள கருப்பு ஸ்க்ரூக்கள் முறியாமல் இருந்தாலும் இந்த வேலையோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் முன்பலகை ஆடுவதற்குக் கருப்பு ஸ்க்ரூவின் தரம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. பெட்டியின் முன்பக்கம் ஒரு பலகை, அதற்கு வெளியே முன்பலகை. தலைவரை மரை உள்ள ஒரு ஸ்க்ரூவை முன்துளை இல்லாமல் உள்ளிருந்து நேராக ஏற்றினால், அது முதல் பலகையையும் கடிக்கிறது, இரண்டாவதையும் கடிக்கிறது. இரண்டாவது பலகையில் முனை நுழையும் அந்த நொடியில் பலகை சற்றே தள்ளிப்போய் நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் அந்த இடைவெளி மூடாது. இரண்டு பக்கமும் ஒரே மரை, ஒரே வேகத்தில்தான் நகரும். கார் ஜாக்கி போல ஸ்க்ரூவே இரண்டு பலகையையும் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். நாளாக ஆக இழுப்பு தாங்காமல் மரத்தின் மரை தேய்ந்து, இடைவெளி ஆட்டமாக மாறும். கடைசியில் நீங்கள் இறுக்கப் பார்க்கிறீர்கள், அது மூட மறுக்கிறது, கழுத்து முறிகிறது.

இதற்கு மருந்து ஸ்க்ரூவில் இல்லை, துளையில் இருக்கிறது. பெட்டிப் பலகையில் போடும் துளை ஸ்க்ரூவின் உடம்பைவிடப் பெரிதாக, உரசாமல் கையால் தள்ளினாலே நுழையும்படி இருக்க வேண்டும். முன்பலகையில் மட்டும் சின்ன முன்துளை. அப்போதுதான் மரை முன்பலகையை மட்டும் கடிக்கும், தலை பெட்டிப் பலகையை உள்ளிருந்து அழுத்தும், இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். 8-ஆம் எண் ஸ்க்ரூ என்றால் பெட்டிப் பலகையில் குறைந்தது 5 மி.மீ. துளை. முன்பலகை பிளைவுட்டாக இருந்தால் அதில் 3 மி.மீ. முன்துளை, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் 2.5. முன்துளை போடும் பிட்டில் ஆழம் தெரிய ஒரு துண்டு டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். கை ஒரு நிமிடம் தவறினால் பிட் மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும், அதன் பிறகு அந்தப் பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து தலை. கடையில் "மர ஸ்க்ரூ" என்று கேட்டால் கேள்வி கேட்காமல் சிஎஸ்கே தருவார்கள். அதாவது கூம்பு மாதிரி சரிந்து மேலே தட்டையாக இருக்கும், பலகையோடு சமமாக உட்காரும் தலை. கீல், தாழ்ப்பாள் போன்றவற்றுக்கு அது சரி. டிராயர் முன்பலகைக்கு அது எனக்குப் பிடிக்காது. கூம்புத் தலை இறங்க இறங்கத் துளையின் நடுவுக்கே ஸ்க்ரூவை இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் பெரிய துளை போட்டு வைத்திருந்த நகர்த்தும் வசதி போய்விடும். மெல்லிய பலகையில் ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்கவும் செய்யும். இங்கே தேவை அடிப்பக்கம் தட்டையான தலை. பான் ஹெட், டிரஸ் ஹெட் என்று இரண்டு வகை இருக்கிறது. டிரஸ் ஹெட் அகலமும் தட்டையும் அதிகம், டிராயருக்குள் கை பட்டால் உறுத்தாது, எனவே கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பான் ஹெட்டோடு ஒரு வாஷர். வாஷர் போட்டால் பெட்டித் துளையை 6, 7 மி.மீ. வரைக்கும்கூடப் பெரிதாக்கலாம், முன்பலகையை நாலு பக்கமும் தாராளமாக நகர்த்தலாம். துளையை இன்னும் பெரிதாக்கிவிட்டீர்கள் என்றால் மட்கார்டு வாஷர் என்று கேளுங்கள், துளை சின்னதாகவும் வெளி வட்டம் அகலமாகவும் இருக்கும்.

பான் ஹெட்டோ டிரஸ் ஹெட்டோ கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது செல்ஃப் டேப்பிங், அதாவது தானே மரை வெட்டிக்கொண்டு போகும் கூர்முனை வகை. சில கடைகளில் பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் செல்ஃப் டிரில்லிங்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் முனையைப் பாருங்கள், கூராக இல்லாமல் சின்ன டிரில் பிட் மாதிரி இருக்கும். அது தகட்டைத் துளைக்கச் செய்தது. மரத்தில் போட்டால் அந்த முனை தன் வழியிலேயே மரத்தைச் சுரண்டி எடுத்துவிடும், பின்னால் வரும் மரைக்குப் பிடிக்க அவ்வளவாக ஒன்றும் மிஞ்சாது. பாக்கெட்டைத் திறந்து முனையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பருமனில் பெரிய யோசனை வேண்டாம். எண் 6 என்றால் 3.5 மி.மீ., 8 என்றால் 4.2, 10 என்றால் 4.8. முன்பலகைக்கு 8 போதும். 6 மெலிது. 10-ஐ முதலிலேயே போட்டுவிட்டால் பின்னால் மரை தேய்ந்தால் மாற்றிப் போட அடுத்த அளவு கையில் இருக்காது.

நீளம்தான் தலைவலி பிடித்தது. 18 மி.மீ. என்று பில்லில் இருக்கும் பிளைவுட் கடைக்குக் கடை மாறும், 17-ஐத் தாண்டாததையும் பார்க்கலாம். அதற்கு மேல் வெளியே ஒரு மில்லிமீட்டர் மைக்கா, உள்ளே லைனர் என்ற மெல்லிய மைக்கா, நடுவில் பசை. பெட்டிப் பலகையிலும் இரண்டு பக்கம் லைனர் இருக்கலாம். சிலர் பெட்டியை 12 மி.மீ. பலகையில் செய்வார்கள். ஆகவே ஊகம் வேண்டாம். முறிந்த ஸ்க்ரூ உள்ள டிராயரை வெளியே எடுத்து, பெட்டிப் பலகையும் முன்பலகையும் சேர்ந்த மொத்தத் தடிமனை மேல் விளிம்பில் அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 5 மி.மீ. கழித்தால் வருவதுதான் நீங்கள் போகக்கூடிய அதிகபட்ச நீளம். முன்பலகைக்குள் குறைந்தது 12 மி.மீ. போயிருக்கவும் வேண்டும். இரண்டும் 18 என்றால் மைக்காவோடு மொத்தம் 38, 39 வரும். அதற்கு 32 மி.மீ., அதாவது ஒன்றேகால் இஞ்ச். பெட்டி 12 என்றால் மொத்தம் 33 பக்கம் வரும். அதற்கு 25 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச், முன்பலகைக்குள் 12-க்கு அரை மில்லிமீட்டர் குறையலாம், பரவாயில்லை. கடையில் பொதுவாக 25-க்கு அப்புறம் 32, அதற்கு அப்புறம் 38 என்றுதான் இருக்கும். "32 இல்லை, ஒன்றரை இஞ்ச் கொண்டு போங்க, ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஒன்றரை இஞ்ச் என்றால் 38. உங்கள் மொத்தத் தடிமன் 39. மைக்காவில் உள்ளிருந்து ஒரு பரு கிளம்பும். வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள்.

அளவு சொல்லும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆசாரிகள் நூல் கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஆகவே ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முக்கால் இஞ்ச் பலகையை ஆறு நூல் பலகை என்பார்கள். ஸ்க்ரூ டப்பாவில் பெரும்பாலும் நீளம் மில்லிமீட்டரிலும் பருமன் எண்ணிலும் இருக்கும், 32 x 8 என்று. சில டப்பாவில் அதையே 8 x 32 என்று திருப்பிப் போட்டிருப்பார்கள். பெரிய எண் நீளம், சின்ன எண் பருமன் என்று வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை போடுவது? ஒன்றரை அடி, இரண்டு அடி அகல டிராயருக்கு நான்கு. இரண்டு அடிக்கு மேல் போனால் நடுவில் இரண்டு சேர்த்து ஆறு. விளிம்பிலிருந்து 40, 50 மி.மீ. தள்ளி இருக்கட்டும். கைப்பிடி இல்லாமல் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கிற ப்ரொஃபைல் வகை டிராயர் என்றால் இழுப்பு முழுவதும் மேலே விழும், மேல் ஸ்க்ரூக்களைப் பெட்டியின் மேல் விளிம்புக்கு முடிந்தவரை கிட்டத்தில் வையுங்கள்.

பலகை பிளைவுட் என்பதால் உங்களுக்குப் பாதிக் கவலை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப்பும் பார்ட்டிகிள் போர்டும் முகத்தில் ஓரளவு பிடிக்கும், ஆனால் ஒருமுறை மரை தேய்ந்தால் அவ்வளவுதான். அவற்றுக்கு ஆழமான, இடைவெளி அதிகமுள்ள மரை கொண்ட சிப்போர்டு ஸ்க்ரூ நல்லது, பெரும்பாலும் கூம்புத் தலையாகத்தான் கிடைக்கும் என்றாலும். மல்டிவுட் என்று நம் ஊரில் சொல்லும் பிவிசி பலகையில் மெஷினால் இறுக்கவே கூடாது. கடைசி இரண்டு சுற்று கையால்தான். பிளைவுட்டிலும் மெஷினின் கிளட்சை, அதாவது எந்த இறுக்கத்தில் அது நிற்க வேண்டும் என்ற வளையத்தை, குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

திருப்புளி விஷயமும் இங்கே சொல்லியாக வேண்டும், நிறைய ஸ்க்ரூ தலைகள் இதனால்தான் கெட்டுப்போகின்றன. நாம் எல்லாவற்றையும் ஸ்டார் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். உண்மையில் இரண்டு ஸ்டார் உண்டு. ஒன்று பிலிப்ஸ், மற்றது பொசிடிரைவ். பொசிடிரைவின் கூட்டல் குறிக்கு நடுவே, நான்கு மூலையிலும் மெல்லிய கோடுகள் இருக்கும். ஹெட்டிக், ப்ளூம் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் ஃபிட்டிங்குகளோடு வரும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இந்த வகை. அதில் பிலிப்ஸ் பிட்டை வைத்தால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அழுத்தித் திருகும்போது வழுக்கி வெளியே வந்து குழியைத் தின்றுவிடும். பிஇசட்2 என்று எழுதிய ஒரு பிட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 8-ஆம் எண் ஸ்க்ரூவில் உள்ள சாதா பிலிப்ஸுக்குப் பிஎச்2.

துரு பற்றி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக சிங்க்குக்கு அடியிலும் பக்கத்திலும். மற்ற ஊர்களில் துத்தநாக முலாம் பூசியது போதும். வெள்ளையாக இருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் அடியில் இருப்பது துத்தநாகம்தான், மேல் பூச்சில்தான் வித்தியாசம். எஸ்எஸ் என்று மட்டும் கேட்டால் 202 கிரேடைத் தருவது சகஜம். அதில் நிக்கல் குறைவு, 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. 304 என்று கிரேடு சொல்லிக் கேளுங்கள், டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடலே எதிரில் தெரியும் வீடு என்றால் 316. சிலர் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஸ்க்ரூவில் அந்தச் சோதனை முழுசாகச் செல்லாது. குளிர்ந்த நிலையில் அழுத்தி உருவாக்குவதால் நல்ல 304 ஸ்க்ரூவும் கொஞ்சம் ஒட்டும், 202-ம் பெரிதாக ஒட்டாது. இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கொஞ்சம் மென்மையானது. முன்துளை போடாமல் ஏற்றினால் முறுக்கிக்கொண்டு உடையும்.

இனி கைப்பிடி. கைப்பிடியோடு வரும் ஸ்க்ரூ 22 அல்லது 25 மி.மீ. நீளம் இருக்கும். கதவுக்கு அது கச்சிதம், ஏனென்றால் கதவு ஒரே பலகை. டிராயரில் இரண்டு பலகையைத் தாண்டி வர வேண்டும். உங்கள் கணக்கில் 39 மி.மீ. தடிமன், அதற்கு மேல் கைப்பிடிக்குள் ஒரு 6, 7 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். ஆக எம்4 x 45. இது அபூர்வமான சரக்கெல்லாம் இல்லை. மெஷின் ஸ்க்ரூவில் எம்4 அளவு 20, 25, 30 என்று ஐந்து ஐந்தாக 50 வரைக்கும், அதற்கு மேலும் வருகிறது. உங்கள் பக்கத்துக் கடையில் இல்லை, அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். கைப்பிடியின் துளைக்குள் ஒரு பல்குச்சியை விட்டு ஆழம் அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. ஆழம்தான் இருக்கிறது, ஸ்க்ரூ 11 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் முனை அடியில் முட்டி நின்றுவிடும், கைப்பிடி ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது தலைக்கடியில் ஒரு வாஷர் சேர்க்கலாம், அல்லது வெட்டலாம். வெட்டுவதாக இருந்தால் முதலில் ஒரு எம்4 நட்டை மரையில் ஏற்றிவிட்டு, அதற்கு வெளியே ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் முனையைத் தேய்த்து, பிறகு நட்டைக் கழற்றுங்கள். வெளியே வரும் வழியில் நட்டே மரையைச் சுத்தம் செய்துவிடும். மின்வேலைக்காரர்களின் கிரிம்பிங் பிளையர் சிலவற்றில் எம்4 போட்டு நறுக்கும் துளை இருக்கும், அது இன்னும் சுலபம்.

இரண்டாவது, எல்லா டிராயரிலும் கைப்பிடி இரண்டு பலகையைத் தாண்டி வருகிறதா என்பது. பெட்டியின் உயரம் முன்பலகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உயரமான அடி டிராயரில் கைப்பிடியை மேலே தூக்கி வைத்திருந்தால் அதன் துளை பெட்டியின் விளிம்புக்கு மேலேயே விழலாம், அங்கே முன்பலகை மட்டும்தான். அந்த டிராயருக்குக் கூட வந்த 25 மி.மீ. ஸ்க்ரூவே போதும். எண்ணிக்கை போடும் முன் ஒவ்வொரு டிராயரையும் திறந்து பாருங்கள்.

நீளமான ஸ்க்ரூவுக்குப் பதிலாக இன்னொரு வழி சொல்வார்கள்: பெட்டிப் பலகையில் மட்டும் 12 மி.மீ. பெரிய துளை போட்டு, ஸ்க்ரூவின் தலை அதற்குள் போய் முன்பலகையின் முதுகில் உட்காரும்படி செய்வது. செய்யலாம், 25 மி.மீ. ஸ்க்ரூவே போதுமானதாகிவிடும். எனக்கு நீள ஸ்க்ரூதான் பிடிக்கும். எம்4 இரண்டு பலகையையும் ஊடுருவி வந்து கைப்பிடியில் இறுகும்போது அதுவே இரண்டையும் சேர்த்துக் கவ்வும் போல்ட்டாக வேலை செய்கிறது. இழுப்பு நேராகப் பெட்டிக்கே போகிறது, பின்னால் உள்ள நான்கு ஸ்க்ரூவுக்கும் பாரம் குறைகிறது. துளை 5 மி.மீ. பிட்டால் போடுங்கள், முன்பக்கத்திலிருந்து, மைக்கா மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி.

மரை பொருந்தாத கைப்பிடிகளும் உண்டு. அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கிவந்தது என்றால் அதில் 8-32 என்ற இஞ்ச் மரை இருக்கும். விட்டம் 4.17 மி.மீ., எம்4-க்குக் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எம்4-ல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.7 மி.மீ., அதில் 0.79. எம்4 ஸ்க்ரூ அதில் ஒன்றிரண்டு சுற்று நல்லபிள்ளையாகப் போகும், பிறகு இறுகி நின்றுவிடும். அங்கே திருப்புளியால் வம்பு செய்தால் கைப்பிடியின் மரை போய்விடும். பழைய பித்தளைக் கைப்பிடிகளில் 5/32 இஞ்ச் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை இருக்கலாம், அதற்கும் இதே கதை. ஆகவே கடைக்குப் போகும்போது கைப்பிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே விரலால் திருகிப் பாருங்கள்.

கடை எது என்ற கேள்விக்கு வருகிறேன். பெயிண்டும் பைப்பும் விற்கும் தெருமுனை ஹார்டுவேர் கடையில் வேகமாக ஓடும் நாலைந்து அளவுதான் வைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்4 x 45-க்கு நீங்கள் போக வேண்டியது போல்ட் நட் கடை. ஊரில் லேத் பட்டறைகளும் மோட்டார் உதிரிபாகக் கடைகளும் இருக்கும் பகுதியில் ஒன்றாவது இருக்கும். அங்கே "எம்4, 45 நீளம், பான் ஹெட் மெஷின் ஸ்க்ரூ" என்றால் எண்ணியே கொடுப்பார்கள், டப்பாவாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. "கைப்பிடி ஸ்க்ரூ" என்று கேட்டால் அவருக்குப் புரியாது. அதேபோல டிரஸ் ஹெட் செல்ஃப் டேப்பிங்கை மாடுலர் கிச்சன் சாமான் விற்கும் பிளைவுட் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள், அலுமினிய ஜன்னல் வேலைக்குப் பொருள் விற்கும் கடையிலும் கிடைக்கும். சென்னை என்றால் பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் இரண்டையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். அங்கே மொத்த வியாபாரம் என்பதால் நூறு நூறாகத்தான் தருவார்கள். பழைய கடைகளில் இன்னும் குரோஸ், அதாவது 144, என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. 8 x 32 ஒரு நூறு வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை, வீட்டில் எங்காவது செலவாகும்.

டப்பாவில் லூதியானா என்று போட்டிருந்தால் வியக்க வேண்டாம், நாட்டின் ஸ்க்ரூ, போல்ட் உற்பத்தியில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான். ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் படத்தை நம்பாதீர்கள். நீளம், பருமன், தலை வகை, முனை வகை என்று நான்கும் விவரத்தில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். கைப்பிடிக்கென்றே 45 மி.மீ. நீளத்தில் இடையிடையே வெட்டுக் குறி உள்ள, தேவையான இடத்தில் ஒடித்துக்கொள்ளும் ஸ்க்ரூவும் ஆன்லைனில் வருகிறது. கதவுக்கும் டிராயருக்கும் ஒரே கைப்பிடி போடுபவர்களுக்கு அது சௌகரியம்.

முறிந்த ஸ்க்ரூவை எப்படி எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் வேலை நிற்கும். டிராயரைச் சேனலிலிருந்து கழற்றி மேசை மேல் வையுங்கள். கைப்பிடியையும் மற்ற மூன்று ஸ்க்ரூவையும் எடுங்கள். தலை போன ஸ்க்ரூ இன்னும் இரண்டு பலகையையும் கடித்துக்கொண்டுதான் இருக்கும், நெம்பினால் பிளைவுட்டின் ஏடு பிய்ந்து வரும். நெம்பாமல், முன்பலகையையே அந்த ஸ்க்ரூவை அச்சாக வைத்து, முன்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பலகையே கழன்று வரும். மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதை பிளையரால் இறுக்கிப் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம்.

பழைய துளைகளை அடைக்கிறேன் என்று தீக்குச்சியும் ஃபெவிகாலும் தேட வேண்டாம். அந்தப் பக்கம் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, ஓர் அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். இடமே இல்லை என்றால் மட்டும் 8 மி.மீ. மரக்குச்சியைப் பசை தடவி இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, அதில் முன்துளை போடலாம். முன்பலகையையே பெட்டியோடு ஒட்டிவிடலாமே என்பார்கள் சிலர். மைக்கா மேல் வெள்ளைப் பசை பிடிக்காது, பிடிக்கிற வேறு பசையைப் போட்டால் அடுத்த முறை எதையும் கழற்ற முடியாது.

திரும்ப மாட்டும்போது கைப்பிடித் துளைகளை முதலில் முடித்துக்கொண்டால் வேலை பாதியாகும். டிராயரை உள்ளே தள்ளி, கீழேயும் பக்கத்திலும் உடைந்த மைக்காத் துண்டுகளை இரண்டு இரண்டாக வைத்து 2 மி.மீ. இடைவெளி விட்டு முன்பலகையை நிறுத்துங்கள். கைப்பிடித் துளை வழியாகவே பெட்டிப் பலகையையும் துளைத்து, எம்4 இரண்டையும் போட்டு லேசாக இறுக்குங்கள். டிராயரை மெல்ல வெளியே இழுத்து, உள்ளிருந்து மற்ற நான்கையும் போடுங்கள், ஆனால் கடைசி இறுக்கு வேண்டாம். மூடிப் பாருங்கள், தட்டி நேர் செய்யுங்கள், அப்புறம் கையால் இறுக்குங்கள். எம்4-ன் 5 மி.மீ. துளை நகர இடம் தரவில்லை என்றால் பெட்டிப் பக்கம் மட்டும் அதை 6 ஆக்கி வாஷர் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மற்ற டிராயர்களில் ஏதாவது பக்கங்கள் இரும்பில் இருக்கும் டேண்டம் பாக்ஸ் வகையாக இருந்தால் மேலே சொன்னது அதற்குச் சேராது. அதில் முன்பலகையை இரண்டு பிராக்கெட் பிடித்திருக்கும். ஆட்டம் இருந்தால் முதலில் பக்கச் சுவரில் உள்ள மூடியைக் கழற்றி, அங்கே தெரியும் சரிசெய்யும் ஸ்க்ரூவும் பூட்டும் ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிராக்கெட்டின் ஸ்க்ரூவே மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் அதே நீளத்தில் ஓர் எண் பெரிதாகப் போடுங்கள், தலை பிராக்கெட்டின் குழியில் உட்காருமா என்று முதலில் வைத்துப் பார்த்துவிட்டு.